ஒரு சோறு எப்போது பதம்? உதாரணத்தையும் பொதுப் பேச்சையும் நம்பும் முன் பார்க்க வேண்டியவை

சோறு வெந்ததா என்று என் அப்பத்தா பார்க்கும்போது, மேலாகக் கிடக்கும் பருக்கையை அவர் எடுத்து நான் பார்த்ததே இல்லை. அகப்பையை அடிவரை விட்டு ஒரு சுற்றுக் கிளறுவார். அப்புறம் நடுவிலிருந்து கொஞ்சம் அள்ளி, அதில் ஒரு பருக்கையை விரல்களுக்கு இடையே வைத்து நசுக்குவார். உள்ளே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் இன்னும் ஒரு கொதி. தெரியாவிட்டால் கஞ்சி வடிக்க வேண்டியதுதான்.

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அந்தக் கிளறலை மட்டும் விட்டுவிட்டுச் சொல்கிறோம்.

அந்த ஒற்றைப் பருக்கையை ஏன் நம்பலாம்? எல்லாம் ஒரே மூட்டை அரிசி, ஒரே உலை, ஒரே அடுப்பு. கிளறியாயிற்று. எடுத்த கையும் தனக்குப் பிடித்த பருக்கையைத் தேடி எடுக்கவில்லை. இதில் ஏதாவது ஒன்று குறைந்தால் பழமொழி கைவிட்டுவிடும். கல்யாண வீட்டு அண்டாவைக் கேட்டுப் பாருங்கள்: அடியில் குழைந்து, மேலே விதைவிதையாக நிற்கும்.

நாள் முழுக்க நாம் பேசும் பேச்சில் பாதி இந்தப் பருக்கை வேலைதான். "மச்சான் அந்த ஸ்கூட்டர் வாங்கி ஆறே மாசத்துல பேட்டரி போச்சு, அந்தக் கம்பெனியே வேண்டாம்." "அந்த ஊர்க்காரங்க அப்படித்தான்." "தெரு முனை டாக்டர் கைராசிக்காரர், எங்க பையனுக்கு ஒரே ஊசியில் சரியாச்சு." ஒன்றிரண்டைப் பார்த்து மொத்தத்துக்கும் சொல்வதை அடியோடு விட்டுவிட முடியாது, விட்டால் காலையில் எந்தக் கடையில் பால் வாங்குவது என்றுகூட முடிவெடுக்க முடியாது. எதை, எவ்வளவு நம்புவது என்பதுதான் கேள்வி. நான் பழகிவைத்திருக்கும் வரிசையைக் கீழே தருகிறேன். எல்லாப் படியும் எல்லா இடத்திலும் வேண்டியதில்லை. முதல் மூன்று மட்டும் எப்போதும் வேண்டும்.

படி 1: 'உம்' விகுதியைப் பிரித்துப் பாருங்கள்

"பூனை எலி பிடிக்கும்." எந்தப் பூனை? எல்லாப் பூனையுமா? எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது, எலி வந்தால் நகர்ந்து இடம்விடும். ஆனாலும் அந்த வாக்கியம் பொய் என்று யாரும் சொல்வதில்லை.

'பிடிக்கும்', 'வரும்', 'இருக்கும்' என்ற இந்த வடிவம் தமிழில் ரொம்ப வசதியானது. வழக்கத்தையும் சொல்லும், இனி நடக்கப்போவதையும் சொல்லும். எத்தனையில் எத்தனை என்பதை மட்டும் சொல்லாது. 'ஆட்டோக்காரர் மீட்டர் போடமாட்டார்', 'மூத்த பிள்ளை பொறுப்பாக இருக்கும்' எல்லாம் இதே ரகம். கேட்பவர் 'எல்லோரும்' என்று எடுத்துக்கொள்வார். மறுத்துக் கேட்டால் சொன்னவர் "நான் பொதுவாச் சொன்னேன்" என்று நழுவிவிடுவார். வாக்குவாதம் முக்கால் மணி நேரம் ஓடும், இரண்டு பேரும் வேறு வேறு வாக்கியத்துக்காகச் சண்டை போட்டிருப்பார்கள்.

அதனால் முதல் வேலை, காதில் விழுந்ததை நான்கில் ஒன்றாக மாற்றி எழுதுவது. 'எல்லாம்' என்கிறாரா? 'பெரும்பாலும்' என்கிறாரா? 'சிலர் அப்படி இருக்கிறார்கள்' என்கிறாரா? அல்லது 'மற்றவர்களைவிட இவர்களிடம் அதிகம்' என்கிறாரா? இந்த நான்காவதுதான் அடிக்கடி உண்மையாக இருப்பது, அடிக்கடி காணாமல் போவதும் இதுதான்.

ஏன் பிரிக்க வேண்டும் என்றால், ஒவ்வொன்றையும் உடைக்க வேறு வேறு ஆயுதம் தேவை. 'எல்லாம்' என்பதை உடைக்க ஒரே ஓர் எதிர் உதாரணம் போதும். 'சிலர்' என்பதை நிறுவவும் ஒன்றிரண்டு உதாரணம் போதும். 'பெரும்பாலும்', 'மற்றதைவிட அதிகம்' இரண்டையும் ஓர் உதாரணத்தால் நிறுவவும் முடியாது, உடைக்கவும் முடியாது. எண்ணித்தான் ஆக வேண்டும்.

"எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் பீடி குடிச்சார், கல்லு மாதிரி இருந்தார்" என்ற புகழ்பெற்ற வாதத்தை இங்கே வைத்துப் பாருங்கள். புகைப்பவர் *எல்லோரும்* சீக்கிரம் சாவார்கள் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. பிரிட்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இருவர் 1951-இல் தொடங்கிய ஆய்வு, 34,000-க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து எண்ணியது. 2004-இல் வந்த கணக்குப்படி, சிகரெட்டை விடாதவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாக சுமார் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்தார்கள். *சராசரியாக* என்பதைக் கவனியுங்கள். அந்தச் சராசரிக்குள் உங்கள் தாத்தாவுக்கும் இடம் இருக்கிறது, நாற்பத்தைந்தில் போன பக்கத்து வீட்டுக்காரருக்கும் இடம் இருக்கிறது. தாத்தா பொய் இல்லை. அவரால் உடைபடும் வாக்கியத்தை யாரும் சொல்லவே இல்லை, அவ்வளவுதான்.

படி 2: பானை ஒன்றா என்று கேளுங்கள்

இந்தப் படியில்தான் என் குடும்பம் காசை விட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாமக்கல் பக்கம் என் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். வரப்பை ஒட்டிய பக்கத்துக் காட்டில் போட்ட போர்வெல்லில் 280 அடியில் இரண்டு இஞ்ச் தண்ணீர் வந்துவிட்டது. நாற்பது அடி தள்ளி இவர் போட்டார். 300 அடி, 400 அடி, 550 அடி. ரிக் வண்டி கத்திக்கொண்டே இருந்தது, வந்ததெல்லாம் புகை. எங்கள் பக்கம் அந்தக் கல்மாவுப் புழுதியைப் புகை என்றுதான் சொல்வோம். 700 அடியில் நிறுத்தினார். "அவனுக்கு வந்துச்சே, நாப்பதடிதானே" என்பதைத் தவிர அன்று இரவு அவர் வேறு எதுவும் பேசவில்லை.

இதே வாதத்தைத் தஞ்சாவூர் டெல்டாவில் ஒருவர் சொல்லியிருந்தால் அது நல்ல வாதம். அங்கே கீழே ஆற்று மணலும் வண்டலும் அடுக்கடுக்காகப் பரந்து கிடக்கிறது. தண்ணீர் மணலின் இடுக்கில் ஊறி நிற்கும். ஒரு வீட்டில் வந்த ஆழத்தை ஒட்டி அடுத்த வீட்டிலும் எதிர்பார்க்கலாம். உப்பா நல்ல தண்ணீரா என்பதுதான் அங்கே பெரிய கவலை. ஆனால் தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை. பாறைக்குள் தண்ணீர் பரவி நிற்காது. வெடிப்பில் மட்டும் ஓடும். பக்கத்துக் காட்டுக்காரரின் குழாய் ஒரு வெடிப்பைக் குத்தியது. சித்தப்பாவின் குழாய் இரண்டு வெடிப்புக்கு நடுவில் இருந்த கல்லைக் குத்தியது. டெல்டாவில் பூமி ஒரே பானை. நாமக்கல்லில் அடிக்கு அடி வேறு பானை.

உதாரணம் ஒன்றுதான், தூரமும் ஒன்றுதான். கீழே இருக்கும் பொருள் எவ்வளவு சீரானது என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறிவிடுகிறது. நூறு பேரிடம் கேட்டேனா பத்துப் பேரிடம் கேட்டேனா என்று எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன், பார்க்கும் பொருள் ஒன்றுபோல் இருக்குமா என்று கேட்பது லாபம். தாமிரக் கம்பி ஒன்று மின்சாரத்தைக் கடத்தினால் மற்றதும் கடத்தும். இரண்டாவதைச் சோதிக்கத் தேவையே இல்லை. ஒரு தொழிற்சாலையில் ஒரே நாளில் வந்த சோப்பு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். ஒரு பள்ளிக்கூடத்தின் இரண்டு ஆசிரியர்கள் அப்படி இருக்கமாட்டார்கள். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

படி 3: எடுத்த கை யாருடையது?

அரிசி மண்டியில் குத்தூசி என்று ஒரு சாமான் இருக்கும். ஒரு முனை கூர்மையான, உள்ளே குழிந்த இரும்பு. மூட்டையைப் பிரிக்காமலே சாக்கில் குத்தி இழுத்தால், குழியில் ஒரு பிடி அரிசி வந்து விழும். பழக்கப்பட்ட வியாபாரி மூட்டையின் வாயைப் பார்க்கவேமாட்டார். பக்கவாட்டில் குத்துவார், அடியில் குத்துவார், அடுக்கில் பின்வரிசை மூட்டையைக் காட்டி "அதுல குத்து" என்பார். வாயில் கிடக்கும் அரிசி விற்பவர் தேர்ந்தெடுத்தது என்று அவருக்குத் தெரியும்.

மாம்பழக் கடையில் அறுத்துக் கொடுக்கும் கீற்றும், கோச்சிங் சென்டர் வாசல் பேனரில் சிரிக்கும் மாணவர்களும், விளம்பரத்தில் 'என் முடி வளர்ந்தது' என்பவரும் மூட்டை வாய் அரிசிதான். பொய் இல்லை. உண்மையான அரிசிதான், ஆனால் கை அவர்களுடையது.

கையைத் தள்ளிவைக்க என்ன செய்வது என்பதை நம் வயல்களிலேயே பார்க்கலாம். பயிர் காப்பீட்டு இழப்பீட்டுக்கு அடிப்படையான பயிர் அறுவடைச் சோதனையில், எந்த வயலில் அறுப்பது என்பதை அலுவலரோ விவசாயியோ தேர்ந்தெடுக்கக் கூடாது. சர்வே எண்ணைக் குலுக்கல் முறையில் எடுப்பார்கள். வயலுக்குப் போன பின்னும் 'இந்தப் பக்கம் நல்லா இருக்கு' என்று நின்றுவிட முடியாது. தென்மேற்கு மூலையிலிருந்து நீளவாக்கில் இத்தனை, அகலவாக்கில் இத்தனை என்று அதற்கும் குலுக்கல் எண். அந்த எண் கொண்டுபோய் விடும் இடத்தில், நெல்லாக இருந்தால் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டி, அறுத்து, அடித்து, எடை போடுவார்கள். அந்த 25 சதுர மீட்டரை 400-ஆல் பெருக்கினால் ஒரு ஹெக்டேர்.

இந்தியாவில் இந்த மாதிரிக் கணக்கெடுப்பை நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் புள்ளியியல் அறிஞர் மகாலனோபிஸ். அந்தக் காலத்து ஆய்வுகளில் தெரியவந்த ஒரு சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: சதுரத்தைச் சிறிதாகக் கட்டினால் மகசூல் கூடுதலாகக் காட்டும். காரணம், கயிற்றுக்கு மேலேயே நிற்கும் கதிர் உள்ளேயா வெளியேயா என்ற சந்தேகம் வந்தால் அறுப்பவர் கை தன்னையறியாமல் உள்ளே இழுத்துக்கொள்ளும். சதுரம் சிறிதாக ஆக, விளிம்பின் பங்கு பெரிதாகிறது. யாரும் ஏமாற்றவில்லை. கை அப்படி.

இங்கே ஒரு தப்பெண்ணத்தையும் தீர்த்துவிடலாம். எண்ணிக்கை பெருகினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்போம். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தது. லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். முகவரிகளைப் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியலிலும் கார் வைத்திருப்போர் பட்டியலிலும் எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் போனும் காரும் யார் வீட்டில் இருந்திருக்கும்? அதோடு, சீட்டைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு ஆத்திரம் யாருக்கு இருந்திருக்கும்? கிளறாத அண்டாவில் மேலாக ஒரு கூடை அள்ளினாலும் அது மேல் சோறுதான்.

உங்கள் மொபைலில் ஓட்டலுக்கு விழுந்திருக்கும் நட்சத்திரங்களையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ரொம்பப் பிடித்தவரும் ரொம்பக் கடுப்பானவரும்தான் எழுதுகிறார்கள். சாப்பிட்டுவிட்டுச் சும்மா போனவர்கள்தான் கூட்டம்.

படி 4: வராதவர்களுக்கு இலை போடுங்கள்

"காமராஜர் படிக்காமலே முதலமைச்சர் ஆகலையா?" பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் வாரத்தில் எல்லாத் தெருவிலும் கேட்கும் வசனம் இது. உண்மைதான். சின்ன வயதிலேயே பள்ளியை விட்டவர், 1954 முதல் 1963 வரை முதலமைச்சர். ஆனால் அந்தக் காலத்தில் சிறு வயதிலேயே பள்ளியை விட்ட மற்ற லட்சக்கணக்கான பிள்ளைகள் எங்கே? அவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. தெரியாததால் கணக்கில் வருவதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், தன் வாழ்க்கையைப் பொது விதியாக எடுத்துக்கொள்ளாத முதல் ஆள் காமராஜரே. ஊர் ஊராகப் பள்ளி திறந்தார், சோறு போட்டாவது பிள்ளைகளை உட்காரவைத்தார். அவருக்கு அந்த மற்றவர்களைத் தெரிந்திருந்தது.

இதே விஷயத்துக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயங்கிய புள்ளியியல் குழுவில் ஆபிரகாம் வால்ட் என்ற கணித அறிஞர் இருந்தார். சண்டைக்குப் போய்த் திரும்பிய விமானங்களில் குண்டு பட்ட ஓட்டைகளை வைத்து, எந்த இடத்துக்குக் கவசம் வேண்டும் என்று கணக்கிடுவது வேலை. ஓட்டை நிறைய இருக்கும் இடத்தில் போடுவோம் என்றுதான் யாருக்கும் தோன்றும். திரும்பி வந்த விமானங்கள், அந்த இடத்தில் அடிபட்டும் பறக்க முடிந்தவை. இன்ஜினில் அடிபட்டவை வந்தே சேரவில்லை. அதனால் ஓட்டை இல்லாத இடத்தைப் பார் என்பது அவர் கணக்கின் சாரம். அந்த வால்ட் இந்தியாவுக்கு விரிவுரையாற்ற வந்தவர், 1950 டிசம்பரில் நம் நீலகிரி மலையில் விமானம் மோதி மனைவியோடு இறந்துபோனார். கோத்தகிரிப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

ஒரு கதை உங்களை வந்து சேர்ந்திருக்கிறது என்றால், எது வந்து சேராமல் போயிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். வேலையை விட்டுத் தொழில் தொடங்கி ஜெயித்தவர் மேடையில் பேசுகிறார். கடனைக் கட்ட மறுபடி வேலைக்குப் போனவரை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை.

படி 5: நான்கு கட்டம் போடுங்கள்

சித்தப்பாவின் இடத்தைக் குறித்துக் கொடுத்தவர் ஒரு நீரோட்டம் பார்ப்பவர். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடப்பார். தண்ணீர் இருக்கும் இடத்தில் தேங்காய் எழுந்து நிற்குமாம். "அவர் சொன்ன இடத்துல எத்தனை பேருக்குத் தண்ணி வந்திருக்கு தெரியுமா" என்று ஊரே சொன்னது. அந்த 'எத்தனை பேர்' முதல் கட்டம் மட்டும். இன்னும் மூன்று இருக்கிறது.

ஒரு தாளில் கூட்டல் குறி போட்டு நான்கு கட்டமாக்குங்கள். அவர் குறித்துத் தண்ணீர் வந்தது. அவர் குறித்தும் வராதது. அவரைக் கேட்காமல் போட்டு வந்தது. கேட்காமல் போட்டு வராதது. ஒரு பேச்சுக்கு, அவர் குறித்த 9 இடத்தில் 5-இல் தண்ணீர், 4-இல் புகை என்று வைத்துக்கொள்வோம். கேட்காமல் போட்ட 5 இடத்தில் 3-இல் தண்ணீர், 2-இல் புகை. 'அஞ்சு பேருக்கு வந்துச்சு' என்று கேட்கும்போது இருக்கும் எடுப்பு இப்போது இல்லை. பாதிக்குச் சற்று மேல் இங்கேயும் வருகிறது, அங்கேயும் வருகிறது. அதற்காக 'கேட்காமல் போட்டால்தான் வரும்' என்று திரும்பிவிடாதீர்கள். இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் அந்த வித்தியாசத்துக்கும் அர்த்தம் இல்லை.

பூனை குறுக்கே போன கதையும் இதேதான். பூனை போய், காரியமும் கெட்ட நாள் மனதில் தைத்துக்கொள்கிறது. பூனை போயும் ஒழுங்காக நடந்த நாளை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? பூனையே வராமல் கெட்டுப்போன காரியங்களின் பட்டியல் என்னிடம் நீளமாக இருக்கிறது.

மருந்து விஷயத்தில் இந்தக் கட்டங்கள் இன்னும் முக்கியம். டெங்குவில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் சமயத்தை ஒட்டிக் குறைந்து, பிழைத்தெழும் நோயாளிக்குச் சில நாளில் தானாகவே ஏறத் தொடங்கும். சரியாக அந்த நாளில் ஏதோ ஒரு சாறு கொடுத்தால், ஏறியதற்கான பெயர் சாற்றுக்குப் போய்விடும். சாற்றில் சத்து இருக்கிறதா இல்லையா என்பதை இந்தக் கதை எந்தப் பக்கமும் சொல்லாது. குடிக்காதவருக்கு அதே நாளில் என்ன ஆனது என்ற கட்டம் காலியாக இருக்கிறது. (அந்தக் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரமும், சாறு குடித்தாலும் குடிக்காவிட்டாலும் ஆஸ்பத்திரியை விட்டு நகர வேண்டாம்.)

படி 6: எதிர்ப்பக்கத்து உதாரணம் ஒன்று

மணிமேகலையின் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக்கொடுக்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையைப் போல. அடுக்களை என்பது அங்கே திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. எடுத்துக்காட்டில் இரண்டு வகை உண்டு என்று பிரிக்கிறார். ஒத்துவரும் பக்கத்தில் அடுக்களை: புகையும் உண்டு, நெருப்பும் உண்டு. எதிர்ப்பக்கத்தில் நீர்: நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. கூடவே போலி எடுத்துக்காட்டில் பத்து வகை என்று தனிப் பட்டியலே வருகிறது. காப்பியத்துக்கு நடுவில் இது தேவையா என்று படிக்கும்போது அலுப்பாக இருக்கும். தேவைதான் என்று வாட்ஸ்ஆப் குடும்பக் குழுவில் ஒரு வாரம் இருந்தால் புரியும்.

'இந்தக் கோச்சிங்கில் சேர்ந்தால் பாஸ்' என்பவரிடம் பாஸ் ஆன பிள்ளைகளின் பெயர் நிறைய இருக்கும், எல்லாம் அடுக்களை. சேராத பிள்ளைகளில் பாஸ் ஆகாதவர் எத்தனை, பாஸ் ஆனவர் எத்தனை என்று கேளுங்கள். நீரைக் காட்டச் சொல்கிறீர்கள். நீங்களே ஒன்றை நம்பும்போதும் இதைச் செய்துபாருங்கள்: என் நம்பிக்கை தப்பாக இருந்தால் எங்கே போய்ப் பார்த்தால் தெரியும்? அங்கே போய்ப் பாருங்கள். சித்தப்பாவின் புகைக்கு அடியில் நெருப்பு இல்லை என்பதும் அறவண அடிகளுக்கு ஒரு சங்கடமான உதாரணமாக இருந்திருக்கலாம்.

படி 7: பதம் கேட்கிறீர்களா, கல் தேடுகிறீர்களா?

நன்றாகக் கிளறிய பானையில்கூட ஒரு பருக்கை சொல்லாத செய்தி ஒன்று உண்டு. சோறு வெந்ததா என்று சொல்லும். சோற்றில் கல் இருக்கிறதா என்று சொல்லாது. பத்துப் பருக்கையும் சொல்லாது. வெந்திருப்பது எல்லாப் பருக்கைக்கும் பொது. கல் எங்கோ ஒன்று. அதனால்தான் வெந்ததைப் பார்க்க ஒரு விரல் போதுமாக இருந்த வீட்டில், கல்லுக்கு மட்டும் முறத்தில் கொட்டி, புடைத்து, மொத்தத்தையும் கண்ணால் மேய்ந்தார்கள்.

"இருபது வருஷமா ஹெல்மெட் இல்லாம ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலை." "எங்க வீட்டு வயரிங் முப்பது வருஷம் பழசு, சும்மாவா நிக்குது?" அபூர்வமாக வரும் ஆபத்தைப் பற்றி ஒருவருடைய அனுபவம் ஏறக்குறைய எதுவும் சொல்வதில்லை. அங்கே நிறையப் பேரின் கணக்கு வேண்டும். மாவட்டத்தின் விபத்துக் கணக்கு, பெரிய ஆஸ்பத்திரியின் தலைக்காய வார்டு. இட்லி நன்றாக இருக்கிறதா என்பது பதம், ஒரு வாய் போதும். அந்தக் கடைத் தண்ணீர் சுத்தமா என்பது கல்.

படி 8: மொத்தத்திலிருந்து ஒருவரிடம் வரும்போது

இதுவரை ஒன்றிலிருந்து மொத்தத்துக்குப் போனோம். திரும்பி வரும் பாதையில்தான் மனிதர்கள் அடிபடுகிறார்கள்.

கல்யாணத்துக்கு முன் சென்னையில் நான் வீடு தேடியபோது, ஒரு வீட்டு அம்மா கதவைப் பாதி திறந்தபடியே "பேச்சிலர்ஸுக்குக் கொடுக்கிறதில்லைங்க" என்றார். முன்பு இருந்த பையன்கள் சுவரில் ஆணி அடித்து, இரண்டு மாத வாடகையைக் கொடுக்காமல் போனார்களாம். அந்த அம்மா சொன்னது பொய் என்று நான் நினைக்கவில்லை. கூட்டமாகத் தங்கும் பையன்கள் குடும்பங்களைவிட வீட்டைக் கெடுப்பது அதிகம் என்றுகூட வைத்துக்கொள்வோம். எதிரே நிற்கும் ஆளைப் பற்றி வேறு எதுவுமே தெரியாதபோது மட்டும்தான் அந்தப் பொதுக்கணக்குக்கு வேலை. கேட்டால் தெரிந்துவிடும் நிலையில் இருக்கும்போது, பழைய வீட்டுக்காரருக்கு ஒரு போன் செய்தால் போதும் என்ற நிலையில், கூட்டத்தின் கணக்கை ஆள்மேல் போடுவது சோம்பல். சாதி, ஊர், மதம் என்று வரும்போது அது வெறும் சோம்பலோடு நிற்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

பழமொழிகளையும் இதே எச்சரிக்கையோடு எடுங்கள். 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்கிறோம்; 'ஐந்து விரலும் ஒன்றா' என்றும் கேட்கிறோம். 'அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும்' என்று பையனுக்குச் சொல்லிவிட்டு, அவன் அப்பாவைப் பற்றி 'நாய் வாலை நிமிர்த்த முடியுமா' என்போம். இரண்டும் பொய்யில்லை. எந்தப் பானைக்கு எது என்பதை மட்டும் பழமொழி சொல்லாது. வேலை முடிந்த பிறகு பொருத்தமானதை எடுத்துப் போட்டுக்கொள்ள வசதியாக இருக்கும்.

படி 9: நீங்கள் உதாரணம் சொல்லும்போது

விளக்குவதற்காக ஓர் உதாரணம் சொல்வது வேறு, நிறுவுவதற்காகச் சொல்வது வேறு. வட்டி எப்படிக் குட்டி போடும் என்று விளக்க, பத்தாயிரம் ரூபாய் என்று ஒரு கணக்குப் போட்டால் போதும்; அது நடந்திருக்க வேண்டியதே இல்லை. 'அந்த ஃபண்டில் பணம் போடுங்கள்' என்று சொல்ல அது போதாது. நம் பேச்சில் முதலாவது வேடத்தில் இரண்டாவது உள்ளே வந்துவிடும்: "உதாரணத்துக்குச் சொல்றேன், எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருக்கார்..." என்று ஆரம்பித்து, முடிக்கும்போது தீர்ப்பாகியிருக்கும்.

நான் முயன்று பழகியது மூன்று. எனக்குத் தெரிந்து எத்தனை பேர், அதில் எத்தனை பேருக்கு இப்படி ஆனது என்று சேர்த்தே சொல்வது: "அந்த வண்டி வச்சிருக்கிறவங்க எனக்கு மூணு பேரைத் தெரியும், ஒருத்தருக்குப் பேட்டரி போச்சு." கதையில் உயிர் குறையும், பரவாயில்லை. அடுத்தது, பளிச்சென்று நினைவுக்கு வரும் உதாரணத்தை விட்டுவிட்டுச் சாதாரணமான ஒன்றைத் தேடுவது. பளிச்சென்று வருவது பெரும்பாலும் விதிவிலக்காக இருப்பதால்தான் நினைவில் நிற்கிறது. மூன்றாவது, என் வாதத்துக்கு ஒத்துவராத ஒன்றை நானே சொல்லிவிடுவது. இது ஆரம்பத்தில் தோற்பது போல இருக்கும். எதிரே இருப்பவர் அதன் பிறகுதான் காது கொடுக்கிறார் என்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

எவ்வளவு தூரம் தோண்டுவது?

இதெல்லாம் ஒவ்வொரு பேச்சுக்கும் செய்தால் பைத்தியம்தான் பிடிக்கும். தப்பாகப் போனால் என்ன நஷ்டம் என்று பார்த்து அளவை வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் சொன்னார் என்று ஒரு பிரியாணிக் கடைக்குப் போகலாம். கெட்டுப்போனால் ஒரு மதியம் போகும். ஒரே ஒருவர் சொன்னார் என்று வேலையை விடுவது, அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவது, நகையை வைத்துப் போர் போடுவது போன்றவற்றுக்கு எல்லாப் படியையும் ஏறி இறங்குங்கள்.

சித்தப்பா அடுத்த வருஷம் மறுபடி போர் போடக் கிளம்பினார். இந்த முறை திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரரை முதலில் வீட்டுக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து உட்காரவைத்து, இந்தச் சுற்றுவட்டத்தில் எத்தனை போட்டீர்கள், எத்தனையில் புகை என்று கேட்டார். வண்டிக்காரர் முதலில் தண்ணீர் வந்த காடுகளை மட்டும் சொன்னார். சித்தப்பா ஒவ்வொரு காடாகப் பெயர் சொல்லி "அங்க?" என்று கேட்கக் கேட்க, மற்றவையும் வெளியே வந்தன. சித்தி சமையலறையிலிருந்து இன்னும் இரண்டு பெயரை எடுத்துக் கொடுத்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு நிரப்பினார்கள். நிரம்பிய பிறகு சித்தப்பா அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வண்டிக்காரரிடம் "அடுத்த வருஷம் பார்க்கலாம்பா" என்றார். அந்தக் கோடையில் பழைய கிணற்றைத் தூர் வாரினார். தேங்காய்க்காரர் இப்போதும் அந்த வழியாக வந்தால் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுத்தான் போகிறார்.